பழி முதியவர்கள் மீதா?

‘முதியோர் பெருகுவதால்தான் நாட்டின் மருத்துவச் செலவு எகிறுகிறது’ என்ற வாதம் கணக்குக்கு நிற்காது. ஜப்பானில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். அமெரிக்காவில் சுமார் 18 பேர்தான். ஆனால், மருத்துவத்துக்கு ஜப்பான் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 11 சதவீதம். அமெரிக்கா செலவிடுவது சுமார் 17 சதவீதம். முதுமைதான் முதல் காரணம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

வித்தியாசம் பெருமளவு விலையில் இருக்கிறது. ஜப்பானில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உட்படக் காப்பீட்டில் வரும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் நாடு முழுவதற்கும் அரசே கட்டணம் நிர்ணயிக்கிறது. இரண்டு ஆண்டுக்கொருமுறை திருத்துகிறது. அமெரிக்காவில் அதே ஸ்கேனுக்கு ஒரே ஊரிலுள்ள இரண்டு மருத்துவமனைகள் பல மடங்கு வித்தியாசத்தில் பணம் கேட்கின்றன.

முதுமைக்குச் செலவு உண்டு, மறுக்கவில்லை. அதற்காகவே ஜப்பான் 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கி, 40 வயதிலிருந்தே சந்தா வசூலிக்கிறது. படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்ட வீட்டுக்கே ஆள் வருகிறார்.

விலையைக் கட்டுப்படுத்தத் துணியாத அரசுகள், உழைத்து ஓய்ந்தவர்களைப் பாரம் என்று சொல்வது அநியாயம். முதலில் கட்டணப் பட்டியலில் கைவையுங்கள்.