லயத்து முகவரியும் இணைய விளம்பரமும்

சப்ரகமுவ மாகாணத்தின் பெருந்தோட்டங்களில் கொழுந்துக் கூடைக்கும் இறப்பர் வாளிக்கும் அப்பால் ஒரு சிறு பொருளாதாரம் மெல்ல உருவாகி வருகின்றது. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை போன்ற பகுதிகளில் லயத்து அறையின் ஒரு மூலையில் தையல் இயந்திரத்தை வைத்து ரவிக்கை தைக்கும் பெண்கள், பண்டிகைக் காலங்களில் பலகாரம் செய்து விற்கும் குடும்பங்கள், கையடக்கத் தொலைபேசி திருத்தும் இளைஞர்கள், மணப்பெண் அலங்காரம் செய்வோர் எனப் பலர் நாட்சம்பளத்தை மட்டும் நம்பியிராது வேறு வழி தேடுகின்றனர். இவர்கள் அனைவருக்கும் இன்று கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "இணையத்தில் விளம்பரம் செய்யுங்கள், செலவே இல்லை." இந்த ஆலோசனையில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை நிதானமாக ஆராய வேண்டியுள்ளது.

ஏனெனில், இது ஆடம்பரமான கேள்வியன்று. தொகைமதிப்பு மற்றும் புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நடத்திய வீட்டு வருமான செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை வீதம் 14.3 சதவீதமாக இருந்தபோது, பெருந்தோட்டத் துறையில் அது 33.8 சதவீதமாக இருந்தது. அதன் பின்னர் கொரோனாவும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியும் வந்து சென்றன. தோட்டத்தில் பிறந்த இளைஞர்கள் கொழும்பின் கடைகளுக்கும், பெண்கள் மத்திய கிழக்கின் வீடுகளுக்கும் செல்வது இன்னும் நிற்கவில்லை. ஊரிலேயே ஒரு சிறு தொழில் நிலைத்தால் ஒரு குடும்பம் பிரியாமல் இருக்கும் என்பதே இங்குள்ள உண்மையான பெறுமதி.

முதலில், அந்த ஆலோசனையில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்வோம். ஒரு காலத்தில் தோட்டத்தில் செய்தி பரப்பியது தப்பு. பின்னர் ஒலிபெருக்கி கட்டிய வாகனமும் துண்டுப்பிரசுரமும் வந்தன. பத்திரிகை விளம்பரமும் வானொலி விளம்பரமும் நகரத்துப் பெரிய வர்த்தகர்களுக்கே கட்டுப்படியாகின. லயத்துத் தையற்காரிக்கு அவை எட்டாக்கனியாகவே இருந்தன. இன்று நிலைமை வேறு. 2018 ஜனவரியில் அறிமுகமான வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் பொருட்களின் படங்களையும் விலைகளையும் ஒரு பட்டியலாக வைப்பதற்குக் கட்டணம் இல்லை. கூகுள் வரைபடத்தில் ஒரு கடையின் பெயரையும் திறந்திருக்கும் நேரத்தையும் பதிவு செய்வதற்கும் கட்டணம் இல்லை. முகநூலில் ஒரு பக்கம் திறப்பதும் அவ்வாறே. வாய்ப்பு இல்லாதிருந்தவருக்கு வாசல் திறந்திருக்கின்றது என்பதில் ஐயமில்லை.

ஆனால், வாசல் திறந்திருப்பதும் உள்ளே செல்ல முடிவதும் ஒன்றல்ல.

முகநூல் பக்கமொன்றில் இடும் பதிவு, அதைப் பின்தொடர்பவர்கள் அனைவரையும் சென்றடைவதில்லை. நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை அளிக்கப்படும் என 2018 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்த பின்னர் வர்த்தகப் பக்கங்களின் இலவச வீச்சு மேலும் சுருங்கியது. எனவேதான் பணம் செலுத்திப் பதிவை உயர்த்தும் "பூஸ்ட்" முறை பரவலாயிற்று. இந்த விளம்பர இடம் ஏல முறையில் விற்கப்படுகின்றது. கொழும்பின் பெரிய ஆடை விற்பனை நிலையமும் காவத்தையின் தையற்காரியும் ஒரே ஏலத்தில் நிற்கின்றனர்.

இதனை ஓர் எளிய கணக்கின் மூலம் பார்க்கலாம். நாளொன்றுக்கு 700 ரூபா வீதம் ஐந்து நாட்களுக்கு விளம்பரம் செய்தால் செலவு 3,500 ரூபா. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து அறிவிக்கப்பட்ட 1,750 ரூபா நாளாந்த வேதனத்தை வைத்துக் கணக்கிட்டாலும், இது ஒரு தொழிலாளியின் இரண்டு நாள் உழைப்பு. ஒரு ரவிக்கையில் 250 ரூபா மிஞ்சுமாயின், விளம்பரச் செலவை மீட்பதற்கு மட்டும் 14 ரவிக்கைகள் புதிதாகத் தைக்கக் கிடைக்க வேண்டும். ஐந்து நாட்களின் முடிவில் கிடைப்பது யாழ்ப்பாணத்திலிருந்தும் கட்டாரிலிருந்தும் வந்த 200 விருப்பக் குறிகளாக இருந்தால், அந்தப் பணம் ஆற்றில் கரைத்த புளிதான். விருப்பக் குறி இடுபவர் அனைவரும் வாடிக்கையாளர் அல்லர். பெல்மதுளையைச் சுற்றிய சில மைல் தூரத்துக்குள் உள்ளவர்களுக்கு மட்டும் காட்டும்படி விளம்பரத்தை வரையறுக்கும் வசதி உண்டு. அதனை அறியாது நாடு முழுவதற்கும் காட்டுவோரே பெரும்பாலும் நட்டமடைகின்றனர்.

அடுத்து வருவது கொடுப்பனவுச் சிக்கல். இவ்விளம்பரங்களுக்குப் பணம் செலுத்த வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதிக்கப்பட்ட வங்கி அட்டை தேவை. 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை, மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தபோது, அட்டை வைத்திருந்தவர்களின் செலவும் ஒரே பாய்ச்சலில் உயர்ந்தது. அட்டை இல்லாதவர் நகரத்திலுள்ள ஓர் இடைத்தரகரிடம் ரூபாவைக் கொடுத்து விளம்பரம் போடுகின்றார். கொடுத்த தொகையில் எவ்வளவு விளம்பரத்துக்குச் சென்றது என்பதை அவர் அறிய வழியில்லை. சிலர் வசதிக்காகப் பக்கத்தின் முழு அதிகாரத்தையும் கடவுச்சொல்லையும் தரகரிடமே ஒப்படைத்து விடுகின்றனர். பின்னர் பிணக்கு ஏற்பட்டால் வாடிக்கையாளர்களோடு பக்கமும் பறிபோகும். விளம்பரம் இடுவதற்கான அனுமதியை மட்டும் இன்னொருவருக்கு வழங்கும் வசதி அத்தளத்திலேயே உண்டு என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

இவை அனைத்தையும் விடப் பெரிய தடை முகவரியாகும். இணைய வர்த்தகம் உலகத்தைச் சுருக்கி விட்டதாகக் கூறுகின்றோம். ஆனால் லயத்தில் வாழ்பவருக்குத் தனக்கென ஒரு வீட்டிலக்கமோ வீதிப் பெயரோ இல்லாத நிலை இன்னும் பல தோட்டங்களில் நீடிக்கின்றது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே நூறு குடும்பங்களுக்குப் பொதுவான முகவரி. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் குவிந்து கிடந்து, உரியவருக்குத் தாமதமாகக் கிடைப்பது மலையகத்தின் பழைய முறைப்பாடு. கூகுள் வரைபடப் பதிவை உறுதிப்படுத்துவதற்கும், பொதி விநியோக நிறுவனம் பொருளைப் பெற்றுச் செல்வதற்கும், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்வதற்கும் அடிப்படையாக அமைவது ஓர் இடத்தின் அடையாளமே. காணி உறுதியையோ வாடகை ஒப்பந்தத்தையோ காட்டும்படி கேட்கப்படும்போது, பல தலைமுறைகளாக அதே அறையில் வாழ்ந்தவரிடம் காட்டுவதற்கு எதுவுமில்லை. நிலவுரிமை மறுக்கப்பட்ட சமூகத்துக்கு இணையத்திலும் நிலம் கிடைப்பதில்லை என்பதே இதன் பொருள்.

மொழியும் கவனத்திற்குரியது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தமிழ்த் தோட்டங்கள் நுவரெலியாவைப் போலத் தொடர்ச்சியாக அமைந்தவையல்ல. அவை சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. தமிழில் மட்டும் விளம்பரம் செய்பவர் தமது சந்தையின் பெரும் பகுதியைத் தாமே மூடிக்கொள்கின்றார். சிங்களத்தில் மட்டும் செய்பவர் பக்கத்து லயத்தை இழக்கின்றார். இரு மொழிகளிலும் இரண்டு வரிகள் எழுதுவதற்குச் செலவில்லை. தமிழில் எழுதும்போதும் ஒரு தவறு நேர்கின்றது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, அதனைப் படமாக்கி இடுவதே பலரது வழக்கம். படத்திலுள்ள எழுத்து தேடுபொறியின் கண்ணில் தெளிவாகப் படுவதில்லை. "பலாங்கொடை தையல்" எனத் தேடும் ஒருவருக்கு அந்தக் கடை தென்பட வேண்டுமாயின், பெயரும் ஊரும் தொழிலும் யுனிகோட் எழுத்தில் பதிவின் வாசகத்திலேயே இருக்க வேண்டும்.

விளம்பரத்தால் கவனத்தைப் பெறலாம், நம்பிக்கையைப் பெற முடியாது என்பதற்கு இரத்தினபுரியே சான்று. இரத்தினபுரியில் ஒரு வீட்டு வளவில் கண்டெடுக்கப்பட்ட சுமார் 510 கிலோகிராம் நிறையுடைய நட்சத்திர நீலக்கல் கொத்து பற்றிய செய்தி, பத்துக் கோடி டொலர் பெறுமதி என்ற மதிப்பீட்டுடன் 2021 ஜூலையில் சில நாட்களில் உலகெங்கும் பரவியது. அதற்காக எவரும் ஒரு சதமேனும் விளம்பரத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டியதில்லை. ஆயினும், அந்தப் பெறுமதி குறித்து இரத்தினக்கல் துறையினர் பலர் ஐயம் எழுப்பினர். கல்லை வாங்குபவர் பரபரப்பைப் பார்ப்பதில்லை, பரிசோதனைச் சான்றிதழைப் பார்க்கின்றார். தலைமுறைகளாக இத்தொழிலில் ஈடுபட்டுள்ள முஸ்லிம் வர்த்தகர்கள் இதனை நன்கறிவர். ஒரு சொல்லை நம்பிக் கல் கைமாறும் சந்தை அது. இணையத்தில் கல் விற்க முனையும் இளைஞர்கள், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இன்றி அவ்வர்த்தகத்தில் ஈடுபடுவது சட்டவிரோதம் என்பதை மனதிற் கொள்ள வேண்டும். வேறு பொருட்களை விற்போரையும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. தவறாக வழிநடத்தும் கூற்று, கடைப் பலகையில் இருந்தாலும் கைத்தொலைபேசித் திரையில் இருந்தாலும் குற்றமே.

இலவசமாகப் பரவும் செய்தி ஒரு கடையை வாழ வைப்பது போலவே அழிக்கவும் வல்லது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகக் கிளப்பப்பட்ட வதந்தி அக்கடையின் மீதான தாக்குதலில் முடிந்தது. அது வெறும் மாக்கட்டியே என அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் உறுதி செய்தது. அடுத்த மாதம் கண்டியில் வன்முறை வெடித்தபோது அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியது. அவ்வன்முறையின்போது தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு அந்நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் மீண்டும் முடக்கங்கள் இடம்பெற்றன. தமது முழு வியாபாரத்தையும் ஒரே தளத்தில் வைத்திருந்தவர்களுக்கு அந்நாட்களில் கடை பூட்டியதற்கு ஒப்பான நிலையே ஏற்பட்டது. எனவே வாடிக்கையாளர்களின் பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது பழைய பழக்கம் என ஒதுக்கத்தக்கதன்று. அயலிலுள்ள சிங்கள வாடிக்கையாளர்கள் பக்கத்தில் எழுதும் இரண்டு நல்ல வார்த்தைகள் வதந்திக்கு எதிரான காப்புறுதியாகவும் அமையக்கூடும்.

ஆகவே, குறைந்த முதலுடன் தொடங்குவோர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு தெளிவானது. முதலில் இலவச வசதிகள், தெளிவான படம், விலை, இரு மொழி விபரம் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும். விலையைக் குறிப்பிடாது "உள்பெட்டிக்கு வாருங்கள்" என எழுதுவது வாங்க வருபவரைத் திருப்பி அனுப்புவதற்குச் சமம். அடுத்து, கேட்பவருக்கு உடன் பதில் அளிப்பதும் சொன்ன நாளில் பொருளைக் கொடுப்பதும் பழக்கமாக வேண்டும். அதன் பின்னரே, தீபாவளி, பொங்கல், நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு போன்ற வாங்கும் காலங்களில் மட்டும், அருகிலுள்ள நகரங்களுக்கு மட்டும், இழந்தாலும் அடுப்பு எரியும் அளவிலான தொகையைச் செலவிடலாம். எத்தனை பேர் பார்த்தனர் என்பதை விட எத்தனை பேர் அழைத்தனர், அவர்களில் எத்தனை பேர் வாங்கினர் என்பதை எழுதி வைப்பதே உண்மையான கணக்கு. கடன் பெற்று விளம்பரம் செய்வது எக்காரணம் கொண்டும் கூடாது. நுண்கடன் தோட்டப் பெண்களை எங்கு கொண்டு நிறுத்தியது என்பதை நாம் அறிவோம்.

எனினும், தனிமனித முயற்சியால் மட்டும் முகவரி பிறக்காது. ஒவ்வொரு லயத்துக் குடும்பத்துக்கும் தனியான தபால் முகவரி வழங்கப்படுவதும், தோட்டக் குடியிருப்பில் நடத்தப்படும் வீட்டுத் தொழிலைக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலுடன் பதிவு செய்ய வழிசெய்வதும் அரசின் கடமையாகும். உலகச் சந்தை பற்றியும் டிஜிட்டல் பொருளாதாரம் பற்றியும் பேசும் ஆட்சியாளர்கள் இந்தச் சிறு நிர்வாகச் சீர்திருத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். இதற்குப் பெருந்தொகை தேவையில்லை, விருப்பமே தேவை.

அதுவரை காத்திருக்க வேண்டியதுமில்லை. இறக்குவானை, பலாங்கொடை, மாவனல்லை போன்ற நகரங்களின் கடைத்தெருக்களில் முஸ்லிம் வர்த்தகர்கள் நீண்டகாலமாகத் தொழில் செய்து வருகின்றனர். தோட்ட நகரங்களில் சம்பள நாள் வரை கடன் கொடுத்தும் கணக்குக் கொப்பி எழுதியும் வளர்ந்த உறவு இரு சமூகங்களுக்கும் இடையே உண்டு. நகரத்தில் நிலையான முகவரியும் வங்கிக் கணக்கும் உள்ள கடையொன்று, தோட்டத்தில் தைக்கப்படும் உடைகளையும் செய்யப்படும் பலகாரங்களையும் சேகரித்து ஒப்படைக்கும் இடமாக நியாயமான தரகுடன் செயற்பட முடியும். பொருள் லயத்திலிருந்தும் முகவரி கடைத்தெருவிலிருந்தும் வந்தால், இருவரது பெயரும் ஒரே விளம்பரத்தில் இடம்பெறும். இருவரது வாடிக்கையாளரும் ஒருவருக்கொருவர் அறிமுகமாவர். வர்த்தகச் சங்கங்களும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் முன்வந்தால் இதற்கு ஒரு மாதத்தில் வழி காணலாம்.

இணையம் மலிவான ஊடகம் என்பது பாதி உண்மை. மறுபாதியை நிறைவு செய்ய வேண்டியவை பாதையும் முகவரியும் மொழியும் நம்பிக்கையுமே. அவற்றைத் தேடித் தராமல், தோட்டத்து இளைஞனிடம் "முகநூலில் போடு" என்று மட்டும் கூறுவது, வழியைக் காட்டாமல் பயணத்தை வாழ்த்துவதற்கு ஒப்பாகும்.