லாபத்தை யாருக்குச் சொல்கிறார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், வடசேரியில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தமிழ் நாளிதழின் பக்கம் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். பணிக்கொடையில் ஒரு பகுதியைச் சென்னை நிறுவனமொன்றின் பங்குகளில் போட்டிருந்தவர். "தம்பி, லாபம் கூடியிருக்குன்னுதான் போட்டிருக்கான். பிறகு எதுக்கு விலை இறங்கிச்சு? நீங்க தமிழ் வாத்தியாராச்சே, வாசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான், பொருள்தான் பிடிபடவில்லை. 'பங்கு ஒன்றுக்கான ஈட்டம் (அடிப்படை மற்றும் நீர்த்த)' என்ற வரியில் நின்றுவிட்டேன். நீர்த்த ஈட்டம் என்றால் என்ன? வணிகவியல் துறை நண்பரிடம் கேட்ட பிறகே தெளிந்தது. ஊழியர்களுக்கு வாக்களித்த பங்குகளும், பங்குகளாக மாற்றத்தக்க பத்திரங்களும் உண்மையிலேயே பங்குகளாகிவிட்டால், இதே லாபம் மேலும் பலருக்குப் பிரியும்போது பங்கொன்றுக்கு எவ்வளவு தேறும் என்ற கணக்காம் அது. பந்தியில் ஆள் கூடிவிட்டால் ரசத்தில் வெந்நீர் விடுவார்கள் அல்லவா, அதுதான். இப்படிச் சொன்னால் எவருக்கும் விளங்கும். ஆனால் இப்படிச் சொல்லும் பொறுப்பு எவருக்கும் இல்லை.

தமிழ்த்துறைக்காரனுக்குப் பங்குச்சந்தையில் என்ன வேலை என்று கேட்கலாம். இது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, மொழியைப் பற்றிய கேள்வியும்கூட என்பதே என் பதில்.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிந்த 45 நாள்களுக்குள் தம் நிதிநிலை முடிவுகளைப் பங்குச்சந்தைக்கு அளிக்க வேண்டும் என்பது செபியின் 2015ஆம் ஆண்டு விதி. அதே விதி, முடிவுகளை ஓர் ஆங்கில நாளிதழிலும், நிறுவனத்தின் பதிவு அலுவலகம் அமைந்துள்ள பகுதியின் மொழியில் வெளிவரும் ஒரு நாளிதழிலும் வெளியிடச் சொன்னது. கவனியுங்கள், பங்குதாரரின் மொழியை அன்று, அலுவலகக் கட்டடம் நிற்கும் மண்ணின் மொழியை. மும்பை நிறுவனத்தில் பணம் போட்ட நாகர்கோவில்காரருக்குச் சட்டம் வழங்கியது மராத்தி விளம்பரம்! 2024 டிசம்பரில் வந்த திருத்தம் இதையும் சுருக்கிவிட்டது. இணையப் பக்கத்தின் முகவரியும் கியூஆர் கோடும் அச்சிட்டால் போதும். நெருங்கிய எழுத்தில் எவரும் வாசிக்காத அந்தப் பட்டியல் ஒரு சடங்காகிவிட்டது உண்மையே. சடங்கைக் கைவிட்டவர்கள் அதன் இடத்தில் விளக்கத்தை வைத்திருக்கலாம்.

ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். 2003 ஏப்ரல் 10 அன்று இன்ஃபோசிஸ் தன் ஆண்டு முடிவுகளை அறிவித்தது. லாபம் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தது. ஆனால் அடுத்த ஆண்டு குறித்து நிறுவனம் சொன்ன மதிப்பீடு சந்தையின் எதிர்பார்ப்புக்குக் கீழே இருந்தது. ஒரே நாளில் பங்கின் விலை நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. விலையை அசைப்பது பட்டியலில் உள்ள எண் மட்டுமன்று, அதைச் சுற்றிச் சொல்லப்படும் சொல்லும்தான். அந்தச் சொல், முடிவுகளுக்குப் பின் ஆய்வாளர்களோடு நடக்கும் தொலைபேசி உரையாடலில் ஆங்கிலத்தில் சொல்லப்படுகிறது. அதன் ஒலிப்பதிவையும் எழுத்து வடிவத்தையும் வெளியிட வேண்டும் என்று 2021இல் செபி விதி செய்தது நல்ல காரியம். எனினும் எண் தமிழிலும் அதன் பொருள் ஆங்கிலத்திலும் கிடைக்கும் நிலை மாறவில்லை.

அந்த ஆங்கிலமும் எளியதன்று. வியாபாரம் படுத்தால் 'ஹெட்விண்ட்' என்பார்கள். எதிர்க்காற்று என்றால் என்னவென்று குளச்சல் மீனவரிடம் கேளுங்கள். எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு நேரம், எவ்வளவு டீசல் கூடுதலாயிற்று என்று சொல்வார். நிறுவனத்தின் எதிர்க்காற்றுக்குப் பெரும்பாலும் திசை கிடையாது. 'எபிட்டா' என்பது வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன்னுள்ள லாபம். கூலியும் உரமும் கழித்துவிட்டு, வாங்கிய கடனுக்கான வட்டியைக் கழிக்காமலே விவசாயி தன் வருமானத்தைச் சொல்வதைப் போன்றது. பொய்யன்று, ஆனால் முழுக் கணக்குமன்று.

ஆங்கிலத்தில் அழகாகச் சொல்லப்பட்டதெல்லாம் உண்மை என்றும் கொள்வதற்கில்லை. நிர்வாக நேர்மைக்காக 2008இல் விருது பெற்ற நிறுவனம் சத்யம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தின்படி, முந்தைய செப்டம்பர் காலாண்டில் 649 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட செயல்பாட்டு லாபம் உண்மையில் 61 கோடி மட்டுமே. புலியின் மேல் ஏறியவன் இறங்க வழியறியாத நிலை என்று அதில் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டார். காலாண்டுதோறும் அந்த எண்களைக் கேட்டுத் தலையசைத்தவர்கள் ஆங்கிலம் நன்கறிந்த நிபுணர்கள்தாம்.

தமிழில் சொல்லியிருந்தால் சத்யம் மோசடி நடந்திராது என்று நான் வாதிடவில்லை. எங்கள் ஊர்களில் அம்மன் கொடை முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பார்கள். அங்கும் களவு உண்டு. ஆனால் கணக்கு, வரி கொடுத்தவனின் மொழியில் வாசிக்கப்படுகிறது. பந்தல் செலவு ஏன் கூடிற்று என்று எவரும் எழுந்து கேட்கலாம். கேட்க முடியும் என்ற நிலையே ஒரு காவல்.

ஆகவே நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. லாபம் ஏன் கூடிற்று அல்லது குறைந்தது, அடுத்து என்ன எதிர்பார்க்கலாம், எங்கே ஐயமிருக்கிறது என்ற மூன்றையும் பங்குதாரரின் மொழியில் ஒரே பக்கத்தில், எட்டாம் வகுப்புப் படித்தவருக்கு விளங்கும்படி நிறுவனம் தன் பொறுப்பில் எழுதித் தரட்டும். எளிய தமிழில் சொல்ல வராத விளக்கத்தை ஒருமுறைக்கு இருமுறை சந்தேகிப்பது முதலீட்டாளருக்கும் நல்லது. கலைச்சொல் ஆக்கத்தைப் பட்டியலோடு முடித்துக்கொள்ளும் நம் தமிழ்த்துறைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. 'நீர்த்த' என்ற சொல்லை ஆக்கியவரைக் குறை சொல்ல மாட்டேன். அதை ரசத்தோடு சேர்த்துச் சொல்லாமல் விட்டது நாம்தான்.

அன்று அந்த ஆசிரியருக்கு நான் பதில் சொல்லவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் நாளிதழை மீண்டும் மடித்துக்கொண்டு போனார்.