பெயிண்ட் டப்பாவைக் கடைசியில் திறக்கலாம்

கொல்லைப்புறக் கொட்டகையில் சாய்ந்து கிடந்த தாத்தாவின் ராலி சைக்கிள் வெளியே வந்ததும், பேரன் முதலில் ஓடுவது பெயிண்ட் கடைக்குத்தான். உப்புத்தாளும் கறுப்பு ஸ்பிரே டப்பாவும் வாங்கி வந்து தேய்க்கத் தொடங்கினால் மாலைக்குள் வண்டி பளபளத்துவிடும். கூடவே அதன் அடையாளமும் போய்விடும். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெயிண்டைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்க வேண்டும். பல வண்டிகளுக்கு அது தேவையே படாது.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருந்த ராலி ஆலையில் வண்டியின் அசல் கறுப்பு எனாமலைச் சூளையில் சுட்டு இறுக்கினார்கள். அதன்மேல் ஓடும் மெல்லிய தங்க நிறக் கோடுகள் தேர்ந்த கைகள் தூரிகையால் இழுத்தவை. அந்த ஆலையில் சைக்கிள் தயாரிப்பு 2002-லேயே நின்றுவிட்டது. சென்னையில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் பழைய ஹெர்குலிஸுக்கும் இதே நியாயம்தான். தேய்ந்துபோன முத்திரைக்கு நகல் ஸ்டிக்கர் வாங்கலாம். அசலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பின்சக்கரத்தில் மூன்று கியர் ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் இருந்தால், வண்டியின் வயதை அறிய அதன் அழுக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும். ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்துகளோடு 56, 4 என்று பொறித்திருந்தால் அது 1956 ஏப்ரலில் செய்த ஹப்.

ஹேண்டில்பார் குரோமில் படிந்த துருவை எடுக்க உப்புத்தாள் ஆகவே ஆகாது. சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்தால் போதும். கொஞ்ச நேரத்தில் பழுப்பும் கறுப்புமாகக் குழம்பு திரளும். அதைத் துடைத்தால் அடியில் குரோம் மின்னும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. பெயிண்ட் இருக்கும் இடங்களுக்குச் சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும், பிறகு மெழுகு பாலிஷும். தங்கக் கோடுகளின் மேல் மட்டும் அழுத்தக் கூடாது, துணியோடு வந்துவிடும்.

கழற்றும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பது நினைவிருக்க வேண்டும். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்தான் பெரும் சோதனை. நட்டை முழுதும் எடுக்காமல் மரையின் முனைவரை தளர்த்தி, கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து அடிக்க வேண்டும். முட்டு இல்லாவிட்டால் அடி நேராகப் பேரிங்கில் இறங்கும். அந்தப் பேரிங் உட்காரும் பாட்டம் கப்பில் ராலிக்கு அங்குலத்துக்கு 26 மரை, மற்ற பிரிட்டிஷ் வண்டிகளில் பொதுவாக 24. பழைய கப்பைத் தூக்கி எறிந்தவர் மாற்றுக்கு அலைய நேரும்.

துரு அரித்து ஓட்டை விழுந்த வண்டிக்கும், யாரோ முன்பே கண்டபடி பூசிவிட்ட வண்டிக்கும் புதுப் பெயிண்ட் அடிப்பதில் தவறில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். எனவே முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாட்டர் பேப்பரை நனைத்தே தேய்க்க வேண்டும். பிரைமருக்குப் பின் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றையும் காயவிட்டு அடிப்பது நல்லது. பவுடர் கோட்டிங் உறுதியானதுதான். ஆனால் அதன் தடிமனில், குழாய்கள் கூடும் இடத்து லக்குகளின் அழகான ஓரங்கள் மழுங்கிவிடுகின்றன.

காட்டர் பின் அடிக்கவும் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கவும் கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்குகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். 28-க்கு ஒன்றரை அங்குல டயரும் கிடைக்கிறது. ஸ்பிரே டப்பாவுக்கு எடுத்து வைத்த பணத்தை அவர்களுக்குக் கூலியாகக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வேலையைக் கற்றுக்கொள்ளலாம்.