ஆரஞ்சுப் பூனைக்கு அறிவு கம்மியா? நிறத்துக்கும் குணத்துக்கும் என்ன சம்பந்தம்?

இன்ஸ்டாகிராமில் பூனை ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்த ஜோக் தெரிந்திருக்கும். உலகத்தில் இருக்கும் எல்லா ஆரஞ்சுப் பூனைகளுக்கும் சேர்த்து மூளையில் ஒரே ஒரு செல்தானாம். அதைத்தான் முறை வைத்துப் பயன்படுத்துகின்றனவாம். கண்ணாடிக் கதவில் முட்டினாலும் சரி, டப்பாவுக்குள் தலை மாட்டினாலும் சரி, ஆரஞ்சு என்றால் 'அது அப்படித்தான் பாஸ்' என்று கமென்ட் விழும்.

ஜாலிதான். ஆனால், இதை நம்பி பூனையைத் தேர்ந்தெடுப்பது வேறு விஷயம்.

2015-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், பூனை வளர்க்கும் 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆன்லைன் சர்வே எடுத்தார்கள். பூனை எப்போதெல்லாம் சீறும், பிறாண்டும், கடிக்கும் என்பதுதான் கேள்வி. கறுப்பும் ஆரஞ்சும் கலந்த பெண் பூனைகள், கறுப்பு-வெள்ளை, சாம்பல்-வெள்ளைப் பூனைகள் கொஞ்சம் அதிகமாகக் கோபப்படுவதாகப் பதில் வந்தது. வித்தியாசம் சின்னது. அதைவிட முக்கியம், பதில் சொன்னது பூனை இல்லை, ஓனர்.

ஓனர் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறதே! 2012-ல் வெளியான பெர்க்லி ஆய்வில் 189 பேரிடம் எந்த நிறத்துக்கு எந்தக் குணம் பொருந்தும் என்று கேட்டார்கள். ஆரஞ்சு என்றால் பாசம், வெள்ளை என்றால் ஒட்டாத குணம் என்ற எண்ணம் வெளிப்பட்டது. பிறகு என்ன? ஆரஞ்சு பிறாண்டினால் 'சேட்டை', மூன்று நிறம் கலந்தது பிறாண்டினால் 'திமிர்'.

ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றத்தை அமெரிக்க, ஜப்பான் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து 2025 மே மாதம் ஆய்விதழில் வெளியிட்டன. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பூனைக்கு ஒரு எக்ஸ்தான் என்பதால் ஒரு பிரதி போதும். பெண் பூனை முழு ஆரஞ்சாக இருக்க இரண்டு வேண்டும். அதனால்தான் ஆரஞ்சுப் பூனைகளில் பெரும்பாலானவை ஆண்கள். 'ஆரஞ்சு குணம்' என்று நாம் சொல்வது வெறும் ஆண் பூனை குணமாகவே இருக்கலாம்! அந்த மரபணு மூளையிலும் இயங்குகிறது என்பதால் கதவு முழுசாக மூடவில்லை. ஆனால், ஆரஞ்சு நிற மாற்றம் நடத்தையையும் மாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

நிறம் நிஜமாகவே விளையாடும் ஓர் இடம் உண்டு. நீலக் கண் கொண்ட வெள்ளைப் பூனைகளில் பலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூப்பிட்டால் திரும்பாத அந்தப் பூனைக்குத் திமிர் இல்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஜோக்குகளால் ஆரஞ்சுக்கு நஷ்டம் இல்லை, லைக்ஸ்தான். அடி வாங்குவது கறுப்பு. குறுக்கே பூனை போனாலே பயணத்தைத் தள்ளிப்போடும் ஊர் இது. அதுவும் கறுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், ஜப்பானில் கறுப்புப் பூனையை ராசி என்பார்கள்.

பிறந்த 2-வது வாரத்திலிருந்து 7-வது வாரம் வரை மனிதக் கை பட்டுப் பழகியதா என்பதுதான் பூனையின் சுபாவத்தில் பெரிய பங்கு வகிக்கிறது. எனவே தத்தெடுக்கப் போனால், போட்டோவில் நிறம் பார்த்து டக்கென்று முடிவெடுக்க வேண்டாம். குட்டி எங்கே, யாரிடம் வளர்ந்தது என்று கேளுங்கள். தரையில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். எது பக்கத்தில் வந்து விரலை முகர்ந்து பார்க்கிறது என்று கவனியுங்கள்.