சேவை நின்றால் கருவியும் குப்பையா?

கூகுள் நிறுவனம் 2019 நவம்பரில் 'ஸ்டேடியா' என்ற சேவையைத் தொடங்கியது. விலையுயர்ந்த கணினி இல்லாமலே, தொலைவிலுள்ள சர்வர்களில் ஓடும் விளையாட்டுகளை இணையம் வழியாக வீட்டுத் திரையில் ஆடலாம் என்பதே அதன் கவர்ச்சி. இதற்கெனக் கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் ஒன்றையும் விற்றது. போதிய வாடிக்கையாளர்கள் சேராததால் 2023 ஜனவரி 18 அன்று சேவை மூடப்பட்டது. இந்தியாவுக்கு வராமலேயே மறைந்த சேவை அது. ஆயினும், அதன் முடிவில் காரமடையில் வசிக்கும் எனக்கும் என் அண்டை விவசாயிகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

அந்தக் கன்ட்ரோலர் வைஃபை வழியாக நேரே கூகுளின் சர்வர்களோடு தொடர்புகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. உள்ளே புளூடூத் வசதி இருந்தும், விளையாட்டுக்குப் பயன்படாதபடி பூட்டப்பட்டிருந்தது. சேவை நின்றதும், கம்பி இணைத்தால் மட்டுமே இயங்கும் பொருளாக அது சுருங்கியிருக்கும். பயனாளர்கள் இதை எடுத்துரைத்தனர். மூடுவதற்குச் சற்று முன்பு, புளூடூத்தைத் திறந்துவிடும் மென்பொருளைக் கூகுள் இலவசமாக வெளியிட்டது. அவ்வாறு மாற்றப்பட்ட கன்ட்ரோலர்கள் இன்றும் கணினியோடும் கைப்பேசியோடும் இயங்குகின்றன.

பாராட்ட வேண்டிய செயல்தான். ஆனால், அது கருணையே தவிர, கடமை அல்ல. மாற்றிக்கொள்வதற்குக் கெடு விதித்ததும், பின்னர் அதை நீட்டித்ததும் கூகுளின் விருப்பமே. இதே குழுமத்தைச் சேர்ந்த நெஸ்ட், தான் வாங்கிய ரிவால்வ் நிறுவனத்தின் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிக்கான சேவையை 2016இல் நிறுத்தியது. ஏறத்தாழ 300 டாலர் கொடுத்து வாங்கிய அந்தக் கருவி அடியோடு செயலிழந்தது.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. காரமடை வட்டாரத்தில் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் நீர் பாய்ச்சும் மோட்டார்களை வீட்டிலிருந்தே கைப்பேசியால் இயக்க உதவும் ஸ்டார்ட்டர்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. சிம் எண்ணுக்கு அழைத்தால் மோட்டாரை ஓடவிடும் வகை ஒன்று; நிறுவனத்தின் செயலியும் சர்வரும் உயிரோடு இருந்தால் மட்டுமே தொலைவிலிருந்து இயங்கும் வகை மற்றொன்று. மோட்டாரின் காயில் எரிந்தால் கட்டித்தரக் கோவையில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. தயாரித்த நிறுவனம் மூடப்பட்டாலும் மோட்டார் ஓடும். சர்வர் நின்றுபோன ஸ்டார்ட்டரை எந்தப் பட்டறை சரிசெய்யும்?

செட்டாப் பாக்ஸ் விஷயத்தில் இதை ஏற்கெனவே அனுபவித்துவருகிறோம். சேவை நிறுவனத்தை மாற்றினால், நல்ல நிலையிலுள்ள பெட்டியும் பரணுக்குப் போகிறது. எல்லா நிறுவனங்களின் சேவைக்கும் பொருந்தும் பெட்டிகள் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் டிராய் பரிந்துரைத்தும், நம் வீடுகளில் நிலைமை மாறவில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது; அவ்வாண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. இரண்டும் தேவையானவை. ஆனால், பழுதே ஆகாமல் பூட்டப்பட்டுக் கிடக்கும் கருவிக்கு உதிரிபாகம் எதற்கு? அதை உடைத்து உலோகம் எடுப்பதைவிட, ஓடவிடுவது அல்லவா மேல்?

சேவையை மூடும் நிறுவனம், கருவியைத் திறந்துவிடும் மென்பொருளை வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். அது மட்டும் போதாது. கூகுளிடம் பணமும் பொறியாளர்களும் இருந்தனர். திவாலாகும் சிறு நிறுவனம் கடைசி நாளில் எதையும் செய்யாது. ஆகவே, சர்வர் இல்லாமலும் அடிப்படை வேலையைச் செய்யும் வசதி, விற்பனைக்கு வரும்போதே கருவிக்குள் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகள் சேவை உறுதி என்பதும் பெட்டியின் மேல் அச்சிடப்பட வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளை, விற்றவரின் லாப நட்டக் கணக்கு முடிவுசெய்யக் கூடாது.