லைட்டை அணைத்தால் ரிப்பேர் ஆகிவிடாது

பதிவு கொஞ்சம் நீளம். பழைய கார் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

கார் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. செக் இன்ஜின் லைட் என்பார்கள். என் காரில் அது எரிந்தபோது எனக்கு மூன்று விதமான யோசனை வந்தது. "பழைய வண்டின்னா அப்படித்தான் எரியும், கண்டுக்காதீங்க சார்." "பேட்டரி வயரைக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க மாமா, போயிடும்." "ஐந்நூறு ரூபா குடுத்தா கம்ப்யூட்டர்ல எரேஸ் பண்ணிடுவான் பெரியப்பா." சொன்னவர்கள் எல்லாரும் என்மேல் அன்புள்ளவர்கள்தான். ஆனாலும் மூன்றும் தவறு என்று பகிரங்கமாகவே சொல்கிறேன். நோயாளியின் காய்ச்சலைப் பார்க்காமல் தெர்மாமீட்டரை உதறி வைப்பது வைத்தியம் ஆகுமா?

முதலில் இந்த விளக்கு எதற்கு வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் வாகனப் புகையால் மூச்சுத் திணறியது. காரே தன் பழுதைக் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரியான சோதனை முறை கட்டாயமானது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. ஓபிடி என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஆக, நாம் பழைய கார் என்று ஒதுக்குகிற பத்துப் பன்னிரண்டு வயது வண்டியிலும் இந்த வசதி இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால், கணினி குறித்து வைத்த பழுது எண் தெரியும். இந்த ஸ்கேனர் இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. போனில் பார்த்துக்கொள்ளலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். அந்த எண் புகார்தான், தீர்ப்பு அல்ல. வகுப்பில் ஒருவன் "சார், கண்ணாடி உடைஞ்சிடுச்சு" என்று ஓடிவந்து சொன்னால், சொன்னவனையே அடிக்கிற வாத்தியார் உண்டா? நம் பட்டறைகளில் பல நேரம் அதுதான் நடக்கிறது. எந்த சென்சார் பெயர் திரையில் வருகிறதோ அந்த சென்சாரைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

என் காரில் வந்த எண் பி 0135. புகைபோக்கிக் குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. அது சுமார் 300 டிகிரி சூடானால்தான் சரியாக வேலை செய்யும். சீக்கிரம் சூடேற அதற்குள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. அந்த ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு என்பதுதான் எண்ணின் பொருள். கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் காசு வாங்கிக்கொண்டு எண்ணை அழித்தார்கள். இரண்டாம் நாளே விளக்கு திரும்பி வந்தது. இன்னொரு பட்டறையில் சென்சாரையே மாற்றவேண்டும் என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னார்கள். இரண்டு இடத்திலும் ஒருவரும் மல்டிமீட்டரைக் கையில் எடுக்கவில்லை.

எங்கள் மலையிலேயே எலக்ட்ரிக் வேலை பார்க்கிற என் பழைய மாணவன் வந்தான். சென்சார் பிளக்கைக் கழற்றி ஹீட்டரின் ஓம் அளவைப் பார்த்தான். ஹீட்டர் நன்றாக இருந்தது. சாவியைத் திருப்பி, வண்டிப் பக்கத்து பிளக்கில் பன்னிரண்டு வோல்ட் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. ஃபியூஸ் சரியாக இருந்தது. வயரைத் தடவிக்கொண்டே போனால் எலி கடித்திருக்கிறது! சாமை மூட்டை அடுக்கிய கொட்டகை ஓரம் வண்டி நின்றால் எலி வராமல் இருக்குமா? ஒரு முழம் வயர், கொஞ்சம் ஈயம், டேப். வேலை முடிந்தது. புது சென்சார் போட்டிருந்தாலும் கரண்ட் வராத இடத்தில் அதுவும் சும்மாதான் கிடந்திருக்கும். எட்டாம் வகுப்பு அறிவியலில் படித்த மின்சுற்றுப் பாடம்தான் இங்கே உதவியது.

இன்னொரு உதாரணம். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் உள்ள வண்டி என்றால், முதல் காயிலை இரண்டாம் சிலிண்டரில் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். எண் பி 0302 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து பிளக், அப்புறம் இன்ஜெக்டர் என்று போகவேண்டும். ஒரு பைசா செலவில்லாத சோதனை. இதைச் செய்யாமல் நான்கு காயிலையும் மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

விளக்கு நிலையாக எரிந்தால் பதறவேண்டாம், பட்டறை வரை மெதுவாக ஓட்டலாம். விட்டு விட்டு மின்னினால் சும்மா விடக்கூடாது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது, அது தணல் மாதிரி காய்கிறது என்று அர்த்தம். ஆக்சிலேட்டரை விட்டு, வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஆனால் காய்ந்த புல்மேலோ சருகுமேலோ நிறுத்தாதீர்கள். கோடையில் எங்கள் ஜவ்வாது மலையின் புல்வெளி எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று இங்கே படித்தவர்களுக்குத் தெரியும். சீத்தாப்பழம் வாங்க, பீமன் அருவி பார்க்க மேலே வருகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். சிவப்பு நிறத்தில் ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ எரிந்தால் அது வேறு கதை. உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தவேண்டும்.

கன்வெர்ட்டரையே வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. வெட்டியதை எங்கே விற்கிறார்கள் என்று யோசியுங்கள். அது போனபின் கார்பன் மோனாக்சைடு வடிகட்டப்படாமல் உங்கள் தெருவுக்குத்தான் வரும்.

பழி முழுவதையும் மெக்கானிக் தலையில் போட நான் தயாரில்லை. பட்டறை வைத்திருக்கிற என் மாணவர்கள் சொல்வதும் நியாயமே: "ஒரு மணி நேரம் செக் பண்ணி, வயர்தான் சார்னு சொன்னா, அதுக்கு ஏன் காசுன்னு கேக்கறாங்க. ஐயாயிரத்துக்கு சாமான் போட்டா பேசாம குடுக்கறாங்க." பாருங்கள், நம் வழக்கம் எப்படி இருக்கிறது! சாமானுக்குக் காசு கொடுப்போம், மூளைக்குக் கொடுக்கமாட்டோம். அப்புறம் அவர்கள் சாமானைத்தானே விற்பார்கள்? சோதித்துப் பார்ப்பதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். அதுதான் உண்மையில் மிச்சம்.

வாட்ஸ்அப்பில் இன்னொரு கூட்டம், எந்த விளக்கு எரிந்தாலும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறது. பழைய ரப்பர் குழாய்களுக்கு எத்தனால் ஆகாது என்பது உண்மை. அதற்காக எலி கடித்த வயருக்கும் எத்தனாலா காரணம்? எண்ணைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

எண்ணை அழித்ததும் விளக்கு அணைகிறதே என்பீர்கள். அழிக்கும்போது, பழுது வந்த நேரத்தில் வேகம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று கணினி குறித்து வைத்த விவரமும் சேர்ந்து அழிந்துபோகிறது. கணினி தன் சோதனைகளை முதலிலிருந்து நடத்தவேண்டும். அதுவரை விளக்கு அணைந்திருப்பது, பரீட்சையே எழுதாதவனைப் பாஸ் என்று சொல்வது போலத்தான். உண்மையாகவே பழுது நீங்கியிருந்தால், சில ஓட்டங்களுக்குப் பிறகு கணினியே விளக்கை அணைத்துவிடும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முன் இந்த விளக்கு எரியவேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும். தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால் விளக்கை யாரோ முடக்கியிருக்கலாம். அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். ஜமுனாமரத்தூர் பக்கம் ராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால், 108 வரும்வரை காத்திருக்க முடியாதபோது, யார் வீட்டு வாசலில் கார் நிற்கிறதோ அவரைத்தான் எழுப்புவார்கள். போளூருக்கு இறங்கும் வளைவில் அந்தக் கார் நின்றுபோனால், அழித்த எண்ணா வந்து தள்ளும்?

இதே மலையில் காவலூர் ஆய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து, எங்கோ தொலைவில் எரிகிற நட்சத்திரத்தின் ஒளியைப் படிக்கிறார்கள். முழங்கைத் தூரத்தில் எரியும் விளக்கைப் படிக்க நமக்கென்ன கஷ்டம்?

ஆகவே வீட்டுப்பாடம் மூன்று. அழிக்கும் முன் எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். சாமான் மாற்றும் முன் என்ன சோதனை செய்தீர்கள் என்று கேளுங்கள். மாற்றினால் பழைய சாமானைத் திருப்பி வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். வகுப்பில் கேள்வி கேட்டவனை நான் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.