ஃபிளாப்பியைப் பார்த்துச் சிரிக்கும் முன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். 1997-98 பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்காரர்கள் மட்டும் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும். உங்களுக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணிலிருந்து என் பழைய கம்ப்யூட்டரை இறக்கி வைத்திருந்தேன். 1999-ல் சொசைட்டிக் கடன் போட்டு வாங்கிய பென்டியம். விண்டோஸ் 98. பெங்களூரிலிருந்து வந்திருந்த என் தங்கை மகன் அதைப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, இதை இன்னுமா வச்சிருக்கீங்க? எடைக்குப் போட்டா நூறு ரூபா தேறாது” என்று சிரித்தான். அவன் சாஃப்ட்வேர்காரன். கூட இருந்த ஃபிளாப்பி டப்பாவை எடுத்துக் காட்டி, “சரிடா, இதை உன் லேப்டாப்ல எங்க சொருகுறது?” என்று கேட்டேன். பதில் இல்லை.

அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஃபிளாப்பி என்றாலே எல்லோருக்கும் சிரிப்புதான். ஆனால் உலகம் அதை அவ்வளவு சீக்கிரம் கைவிடவில்லை. அமெரிக்காவின் அணு ஆயுதக் கட்டளைப் பிரிவில் 8 அங்குல ஃபிளாப்பி 2019 வரை புழக்கத்தில் இருந்தது. போயிங் 747-400 விமானத்தின் வழித்தடத் தகவல்களை 28 நாளுக்கு ஒருமுறை ஃபிளாப்பி வழியாகத்தான் ஏற்றினார்கள். சான்பிரான்சிஸ்கோ நகர ரயிலை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு 1998 முதல் தினமும் காலையில் ஃபிளாப்பி போட்டுத்தான் எழுப்பிவிட வேண்டியிருந்தது. ஜப்பானில் “விண்ணப்பத்தை ஃபிளாப்பியில் கொடு” என்று சொன்ன ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசு விதிகளை 2024-ல்தான் ஒழித்து முடித்தார்கள்.

இவர்கள் யாரும் பழமைவாதிகள் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தாமல் மாற்றுவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தவர்கள்.

நம் பக்கத்துக்கே வருகிறேன். என்னிடம் படித்த ஒருவர் திருப்பூரில் எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருக்கிறார். அவருடைய மெஷின் டிசைனை ஃபிளாப்பியில்தான் வாங்கும். ஊசி நன்றாக ஓடுகிறது, மோட்டார் நன்றாக இருக்கிறது. தட்டு கிடைப்பதுதான் பாடு. சோனி 2011-லேயே விற்பனையை நிறுத்திவிட்டது. இதற்காகப் பல லட்சம் போட்டுப் புது மெஷின் வாங்க வேண்டுமா? அவர் வாங்கவில்லை. ஃபிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பென் டிரைவ் சொருகும் ‘கோடெக்’ என்ற சின்னப் பெட்டியை மாட்டிக்கொண்டார். மெஷினுக்கு வித்தியாசமே தெரியாது, ஃபிளாப்பி என்று நினைத்தே படிக்கும். செலவு சில ஆயிரம்தான். வேலை செய்கிற பொருளைப் ‘பழசு’ என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கிப் போடுவது சிக்கனமும் இல்லை, அறிவும் இல்லை என்பது என் கட்சி.

கணக்கு வாத்தியார் ஒரு கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? மூன்றரை அங்குலத் தட்டில் 2 பக்கம், பக்கத்துக்கு 80 வட்டம், வட்டத்துக்கு 18 துண்டு, துண்டுக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இன்றைக்கு உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு படமே பெரும்பாலும் அதில் கொள்ளாது. ஆனால் எழுத்து என்று பார்த்தால் ஒரு புத்தகமே அடங்கும்.

அப்படி அடங்கிய ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

‘ஆ’ பிரிவுக்காரர்களே, ஞாபகம் இருக்கிறதா? அரையாண்டு விடுமுறையில் ஒன்பது குழுவாகப் பிரிந்து, சைக்கிளில் சுற்றி, நம் ஊரையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்துக் கிணறு, குளம், வயல் பெயர்களை எழுதி வந்தீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் யார் சொன்னது, என்ன கதை என்று கேட்டு எழுதினீர்கள். டி.டி.பி. கடையில் அடிக்கக் கொடுத்து, குழுவுக்கு ஒரு ஃபிளாப்பியாக வாங்கி வைத்தேன். புத்தகமாகப் போடலாம் என்று நினைத்தோம். பணம் சேரவில்லை, அப்படியே நின்றுபோனது.

போன மாதம் அந்த ஒன்பது தட்டையும் எடுத்தேன். மருமகனே யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தான். ஆறு தட்டு முழுசாகப் படித்தது. இரண்டில் பாதிதான் வந்தது. ஒன்றில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது.

படித்த ஆறையும் அவன் லேப்டாப்பில் திறக்க முடிந்ததா? இல்லை. அது பேஜ்மேக்கர் கோப்பு. எப்படியோ உள்ளே இருந்த எழுத்தை உருவி எடுத்தான். தமிழ் வரவில்லை, ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டியது. இளையவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்காது. யூனிகோடு புழக்கத்துக்கு வரும் முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தன. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினிக்காவது மாற்றித்தர வழி இருக்கிறது. அந்த டி.டி.பி. கடைக்காரர் பயன்படுத்திய எழுத்துரு அவருடைய மென்பொருளோடு வந்தது. கடையும் இல்லை, மென்பொருளும் இல்லை.

அந்த எழுத்துரு இன்று எனக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது: நூறு ரூபாய்கூடத் தேறாத என் பென்டியத்தில். அதில் திறந்ததும் தமிழ் தமிழாக வந்தது. பிரிண்டர் இல்லாததால் திரையை ஒவ்வொரு பக்கமாகச் செல்போனில் படம் எடுத்தோம். இரண்டு ராத்திரி ஆனது. சிரித்தவனேதான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தான்.

பழைய கம்ப்யூட்டர் ஒரு சாவி. பூட்டு திறக்கும்வரை சாவியைத் தொலைக்கக் கூடாது. நான் சொல்வது அவ்வளவுதான்.

ஆனால் என்னைப் போன்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பரணில் பத்திரமாக வைத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருபது வருஷம் சும்மா இருந்தேன். சித்திரை வெயிலில் ஓட்டுக்கடியில் வேகும் இடமும், மழைக்காலத்தில் ஈரம் ஏறும் இடமும் அதுதான். காந்தப் பூச்சு பூசிய மெல்லிய தாள் அது, எவ்வளவு தாங்கும்? 2005-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி எல்லாவற்றையும் சி.டி.யில் ஏற்றியிருந்தால் ஒன்பதும் பிழைத்திருக்கும். தப்பு என்னுடையதுதான். வைத்திருப்பது வேறு, காப்பாற்றுவது வேறு.

உங்கள் வீட்டிலும் அப்பாவின் கடைக் கணக்கோ, தாத்தாவின் கட்டுரையோ ஃபிளாப்பியில் இருக்கலாம். இருந்தால் இதைச் செய்யுங்கள்:

• டிரைவில் போடும் முன் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வையுங்கள். தவறிப்போய் எதுவும் அழியாது.

• உலோக மூடியைத் தள்ளிப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் போடாதீர்கள். டிரைவின் தலை அழுக்காகி அடுத்த தட்டையும் கெடுக்கும்.

• யு.எஸ்.பி. டிரைவ் மூன்றரை அங்குலத்துக்கு மட்டும்தான். ஐந்தேகால் அங்குலத்துக்குப் பழைய டிரைவே வேண்டும்.

• ரொம்ப நாள் தூங்கிய கம்ப்யூட்டரை எடுத்தவுடன் கரண்டில் சொருகாதீர்கள். தெரிந்தவரைக் கொண்டு திறந்து தூசு தட்டி, கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். 386, 486 காலப் போர்டுகளில் பேட்டரி ஒழுகி அரித்திருக்கும். இன்டர்நெட்டில் மட்டும் இணைக்கவே வேண்டாம்.

• கோப்போடு எழுத்துருவையும் மென்பொருளையும் சேர்த்து நகல் எடுங்கள். அது இல்லாமல் கோப்பு மட்டும் இருந்து பயனில்லை.

இப்போது வீட்டுப்பாடம். பூஞ்சை பிடித்தது ஏழாம் குழுவின் தட்டு. கிழக்கே ஏரிக்கரையை ஒட்டிய வயல்களும் கிணறுகளும் அதில்தான் இருந்தன. இன்றைக்கு அங்கே பாதி மனைக்கட்டாகிவிட்டது. கதை சொன்ன பெரியவர்களில் ஒருவரும் இல்லை. ஏழாம் குழுவில் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். கையால் எழுதிய நோட்டு யாரிடமாவது இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டு, பெட்டியைத் திறந்து பாருங்கள். நோட்டு இல்லாவிட்டால் ஞாபகத்தில் இருக்கும் பெயர்களையாவது எழுதி அனுப்புங்கள். ஒரு பெயர் என்றாலும் போதும். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன்.

மற்ற எட்டுக் குழுவின் பக்கங்களையும் யூனிகோடில் அடிக்க ஆள் தேவை. முன்வருபவர்கள் கமென்டில் சொல்லுங்கள். இந்த முறை பரணில் வைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்